பிடிக்கவும் விடவும் தெரிந்த மூலக்கூறுகள்: நொதிகளின் நெகிழ்வும் தளப்பொருள் பிணைப்பும்

செல்லுக்குள் எங்கு திரும்பினாலும் தண்ணீர்தான். அதன் அடர்வு ஏறக்குறைய 55 மோலார். குளுக்கோஸின் அளவோ மில்லிமோலார் கணக்கில் நிற்கிறது. ஹெக்சோகைனேஸ் என்ற நொதிக்குக் கொடுக்கப்பட்ட வேலை, செல்லின் ஆற்றல் சேமிப்பான ஏ.டி.பி.யின் கடைசி பாஸ்பேட்டை எடுத்துக் குளுக்கோஸின் ஆறாவது கார்பனில் உள்ள ஹைட்ராக்சில் தொகுதியிடம் சேர்ப்பது. தண்ணீரிலும் ஹைட்ராக்சில் இருக்கிறது. அது குளுக்கோஸைவிடச் சிறியது. எந்தக் குழிக்குள்ளும் எளிதாக நுழையக்கூடியது. எண்ணிக்கையில் பல ஆயிரம் மடங்கு அதிகம். அப்படியானால் இந்த நொதி பாஸ்பேட்டைத் தண்ணீருக்குத் தாரைவார்த்து, செல்லின் ஆற்றல் சேமிப்பைச் சில நொடிகளில் காலி செய்திருக்க வேண்டும். அது நடப்பதில்லை. தண்ணீருக்குக் கொடுப்பதைவிடச் சுமார் 40,000 மடங்கு வேகமாக அது குளுக்கோஸுக்குக் கொடுக்கிறது.

நொதிகளின் நெகிழ்வு குறித்த நவீன விவாதம் இந்தப் புதிரிலிருந்து கிளைத்தது. 1894இல் எமில் ஃபிஷர், சர்க்கரைச் சேர்மங்களை நொதிகள் பிரிக்கும் விதத்தை ஆராய்ந்தபோது பூட்டு – சாவி உவமையை முன்வைத்தார். ஒரே அணுக்கள், ஒரே இணைப்புகள், ஒரு கார்பனில் திசை மட்டும் மாறியிருந்தால்கூட நொதி சேர்மத்தைத் தொட மறுத்தது. இந்தக் கறாரான தேர்வை விளக்க அதைவிடத் தெளிவான படம் அன்று இல்லை. பொருந்தாத பெரிய மூலக்கூறுகள் ஏன் வெளியே நிறுத்தப்படுகின்றன என்பதைப் பூட்டு அழகாக விளக்கிவிடும். ஆனால் சாவியைவிடச் சின்னதான ஒன்று ஏன் வேலை செய்வதில்லை என்பதற்கு அதனிடம் பதில் கிடையாது. தண்ணீர் அப்படிப்பட்ட சின்னப் பொருள்.

1958இல் டேனியல் கோஷ்லாண்ட் இதற்கு விடையாகத் தூண்டப்பட்ட பொருத்தம் என்ற கோட்பாட்டை எழுதினார். நொதி மாற்றியமைக்கும் மூலக்கூறான தளப்பொருள் வந்து அமர்வதற்கு முன், வினை நடக்கும் இடமான கிளர்வு மையம் முழு வடிவம் பெற்றிருப்பதில்லை. தளப்பொருளின் தொடுகைதான் வினைக்குத் தேவையான தொகுதிகளைச் சரியான இடத்துக்குக் கொண்டுவருகிறது என்றார். தண்ணீர் உள்ளே வரலாம், ஆனால் அந்த மாற்றத்தைத் தூண்ட அதனால் முடியாது. அன்றைக்கு எந்த நொதியின் முப்பரிமாண அமைப்பும் தெரியாது. அப்படித் தெரியவந்த முதல் நொதியான லைசோசைமின் அமைப்பை லண்டனில் டேவிட் ஃபிலிப்ஸ் குழுவினர் 1965இல்தான் வெளியிட்டனர். கோஷ்லாண்டின் வாதம் பெரும்பாலும் தர்க்கத்தின் மேல் நின்றது என்பதை நினைத்தால் இன்றும் மரியாதை கூடுகிறது.

இருபது ஆண்டுகள் கழித்து, 1978இல், பென்னெட்டும் தாமஸ் ஸ்டைட்ஸும் ஈஸ்ட் ஹெக்சோகைனேஸின் இரு படிக அமைப்புகளை ஒப்பிட்டுக் காட்டினார்கள். குளுக்கோஸ் இல்லாதபோது நொதியின் இரண்டு மடல்களுக்கு நடுவே ஆழமான பிளவு. குளுக்கோஸ் வந்ததும் ஒரு மடல் மற்றதை நோக்கிச் சுமார் 12 பாகை சுழல்கிறது. முதுகெலும்புச் சங்கிலியின் சில பகுதிகள் 8 ஆங்ஸ்ட்ராம் வரை நகர்கின்றன. பிளவு மூடி, குளுக்கோஸ் ஏறக்குறைய முழுவதும் புதைந்துவிடுகிறது. மூடும்போது அங்கிருந்த தண்ணீர் வெளியேற்றப்படுகிறது.

இந்தக் கதையில் எனக்கு மிகப் பிடித்த பகுதி சைலோஸ் சோதனை. சைலோஸ் குளுக்கோஸைப் போன்ற சர்க்கரைதான். ஆனால் ஐந்து கார்பன் மட்டும். பாஸ்பேட்டை வாங்கிக்கொள்ள வேண்டிய ஆறாவது கார்பன் அதற்கு இல்லை. ஹெக்சோகைனேஸுக்கு ஏ.டி.பி.யோடு சைலோஸைக் கொடுத்தால் என்ன நடக்கும்? நொதி வேகமாக ஏ.டி.பி.யை நீராற்பகுக்கத் தொடங்குகிறது. சைலோஸ் மடல்களை மூடவைக்கிறது. ஆறாவது கார்பன் இருக்க வேண்டிய காலி இடத்தில் ஒரு நீர் மூலக்கூறு அமர்கிறது. நொதி அதற்குப் பாஸ்பேட்டைக் கொடுத்துவிடுகிறது. அதாவது தண்ணீரை வேதியியல் ரீதியாகத் தடுக்கும் ஏற்பாடு எதுவும் நொதியிடம் இல்லை. மூடுதல் என்ற அசைவு ஒன்றே காவல். அசைவை வேறொருவர் தூண்டிக் கொடுத்தால் தண்ணீரும் தளப்பொருளாகிவிடுகிறது. நெகிழ்வு எப்படித் தேர்வாக மாறுகிறது என்பதற்கு இதைவிடச் சுத்தமான சான்றை நான் படித்ததில்லை.

நெகிழ்வு என்று பொதுவாகச் சொல்கிறோம். அது எங்கிருந்து வருகிறது? புரதச் சங்கிலியில் பெப்டைடு பிணைப்பு தட்டையானது, அது சுழலாது. அதன் இருபுறமும் உள்ள இரண்டு பிணைப்புகள்தான் சுழலும். அந்த இரு கோணங்களில் எவை சாத்தியம், எவை அணுக்களின் மோதலால் விலக்கப்படுகின்றன என்பதை 1963இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூவரும் கணக்கிட்டு வரைபடமாக்கினார்கள். ராமச்சந்திரன் வரைபடம் என்று உலகெங்கும் பாடநூல்களில் நிற்கும் அது, புரத அமைப்புகளைச் சரிபார்க்கும் கருவியாகவே பெரும்பாலும் கற்பிக்கப்படுகிறது. நெகிழ்வின் இலக்கணமாகவும் அதைப் படிக்கலாம். பக்கச் சங்கிலி இல்லாத கிளைசினுக்கு வரைபடத்தில் பரந்த இடம். வளையத்தில் சிக்கிய புரோலினுக்குக் குறுகிய இடம். நொதிகளின் கீல்களில் கிளைசின் அடிக்கடி தென்படுவதும், சூடான நீரூற்றுகளில் வாழும் நுண்ணுயிர்களின் நொதிகளில் சங்கிலி வளைந்து திரும்பும் வளையங்களில் புரோலின் கூடுதலாகத் தென்படுவதும் இந்த வடிவியலின் நேரடி விளைவுகள்.

இந்தச் சுழற்சிகள் பல கால அளவுகளில் நடக்கின்றன. பக்கச் சங்கிலிகள் பிக்கோநொடி முதல் நானோநொடிக்குள் திரும்பும். வளையங்கள் நானோநொடியிலிருந்து மைக்ரோநொடிக்குள் ஆடும். மடல்கள் திறந்து மூட மைக்ரோநொடி முதல் மில்லிநொடி வரை ஆகலாம். நொதிகள் பலவற்றின் வினைச் சுழற்சியும் மில்லிநொடி அளவில்தான் இருக்கிறது. ஆகவே மெதுவான, பெரிய அசைவுகள் பிணைப்போடும் விடுவிப்போடும் நேரடியாகப் பின்னிக்கொள்கின்றன.

1977இல் மெக்கம்மன், கெலின், கார்ப்ளஸ் ஆகியோர் ஒரு சிறு புரதத்தின் அசைவை முதன்முறையாகக் கணினியில் பின்தொடர்ந்தபோது, எட்டிய நேரம் பத்துப் பிக்கோநொடிக்கும் குறைவு. ஆனாலும் புரதத்தின் உட்புறம் திரவம்போல் அலைபாய்வதை அது காட்டிவிட்டது. ஹான்ஸ் ஃபிரௌன்ஃபெல்டர் மயோகுளோபினில் செய்த சோதனைகள் இன்னொரு பக்கத்திலிருந்து அதே இடத்துக்கு வந்தன: ஒரு புரதம் ஒரே வடிவம் அல்ல, ஆற்றல் அளவில் நெருங்கிய எண்ணற்ற வடிவ நிலைகளின் தொகுப்பு.

தளப்பொருள் உள்ளே நுழைவதற்கே சில நொதிகளில் இந்த அலைபாய்ச்சல் தேவைப்படுகிறது. நரம்புச் சந்திப்புகளில் அசிட்டைல்கோலினை உடைக்கும் அசிட்டைல்கோலினெஸ்டரேஸின் அமைப்பு, மின் திருக்கை மீனிலிருந்து எடுத்த நொதியைக் கொண்டு 1991இல் வெளியானது. கிளர்வு மையம் சுமார் 20 ஆங்ஸ்ட்ராம் ஆழமான ஒரு பள்ளத்தின் அடியில் இருந்தது. பள்ளத்தின் நடுவே ஒரு குறுகல்; படிகத்தில் காணும் அளவுப்படி அசிட்டைல்கோலின் அதன் வழியே போக முடியாது. ஆனால் அறியப்பட்ட மிக வேகமான நொதிகளில் அது ஒன்று. அந்தக் குறுகல் இடைவிடாமல் நொடியின் மிக நுண்ணிய பகுதிகளுக்குத் திறந்து மூடுகிறது என்பதுதான் விளக்கம். திறந்திருக்கும் நேரம் குறைவு என்றாலும், திறப்புகள் அத்தனை அடிக்கடி நிகழ்வதால் சிறிய தளப்பொருளின் வேகம் பெரிதாகப் பாதிக்கப்படுவதில்லை. அதைவிடப் பருமனான மூலக்கூறுக்கு அந்தச் சிறு திறப்பு போதாது. அங்கே நெகிழ்வே சல்லடை.

இனி, நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடிய சண்டைக்கு வருவோம். தளப்பொருள் வந்த பிறகு நொதி வடிவம் மாறுகிறதா, அல்லது தளப்பொருள் வருமுன்பே நொதி அந்த வடிவத்தை அவ்வப்போது எட்டிப் பார்க்கிறதா? முதலாவது கோஷ்லாண்ட் சொன்னது. இரண்டாவதன் வேர் 1965இல் மோனோ, வைமன், ஷாஞ்சோ எழுதிய கூட்டியக்கக் கோட்பாட்டில் இருக்கிறது. பின்னர் ரூத் நுஸ்ஸினோவ் போன்றோர் அதை உருவத் தேர்வு என்ற பொதுக் கருத்தாக விரித்தார்கள். தளப்பொருள் புதிய வடிவத்தை உண்டாக்குவதில்லை; ஏற்கெனவே அரிதாக இருக்கும் ஒன்றைப் பிடித்து நிலைநிறுத்துகிறது என்பது அதன் சாரம்.

இரண்டாவது தரப்புக்கு வலுவான சான்று டைஹைட்ரோஃபோலேட் ரிடக்டேஸ் என்ற நொதியிலிருந்து கிடைத்தது. புற்றுநோய்க்கும் முடக்குவாதத்துக்கும் தரப்படும் மெத்தோட்ரெக்ஸேட் பிடிப்பது இந்த நொதியைத்தான். 2006இல் போர், டைசன், ரைட் குழுவினர் அணுக்கருக் காந்த ஒத்திசைவு முறையில் ஈ. கோலையின் நொதியை அதன் சுழற்சியின் ஐந்து கட்டங்களிலும் அளந்தனர். ஒவ்வொரு கட்டத்திலும் நொதியின் பெரும்பகுதி ஒரு வடிவில் இருந்தது. மிகச் சிறு பகுதி மட்டும் வேறொரு வடிவில் வந்து வந்து போனது. அந்தச் சிறு பகுதியின் வடிவம் அடுத்த கட்டத்தின் வடிவத்தை ஒத்திருந்தது. அடுத்து வரப்போகும் மூலக்கூறுக்கான ஒத்திகையை நொதி முன்பே நடத்திக்கொண்டிருந்தது போலும்.

இதைப் படித்த பலர், தூண்டப்பட்ட பொருத்தம் தோற்றுவிட்டது என்று எழுதினார்கள். அது அவசரம். ஒரு நொதி அரிய வடிவத்தை எட்டிப் பார்க்கிறது என்பதால், தளப்பொருள் அந்த வழியாகத்தான் பிணைகிறது என்று ஆகிவிடாது. திறந்த வடிவில் பிணைந்து பிறகு மூடலாம். மூடிய வடிவைத் தேடிப் பிணையலாம். இரண்டு பாதையும் ஒரே இடத்தில் முடிகின்றன. எந்தப் பாதையில் போக்குவரத்து அதிகம் என்பதுதான் கேள்வி. 2009இல் கோர்டன் ஹேம்ஸ் குழுவினர் அந்தப் போக்குவரத்தைக் கணக்கிட்டு, தளப்பொருளின் அடர்வு குறைவாக இருக்கையில் உருவத் தேர்வும், அடர்வு கூடும்போது தூண்டப்பட்ட பொருத்தமும் மேலோங்கக்கூடும் என்று காட்டினார்கள். என் பார்வையில் பழைய சண்டையின் சூடு அந்தக் கட்டுரையோடு தணிந்திருக்க வேண்டும். ஒரே நொதி, ஒரே தளப்பொருள், ஆனால் செல்லின் நிலையைப் பொறுத்துப் பாதை மாறுகிறது.

சோதனை மேசையில் இதைப் பிரித்தறிய ஒரு வழி உண்டு. தளப்பொருளின் அடர்வைக் கூட்டிக்கொண்டே போய், பிணைப்பு சமநிலையை எட்டும் வேகத்தை அளக்க வேண்டும். அடர்வு கூடக்கூட வேகம் குறைந்தால், நொதி தன் வடிவ மாற்றத்துக்குக் காத்திருக்கிறது. அது உருவத் தேர்வின் ஐயமற்ற அடையாளம். வேகம் கூடினால் மட்டும் முடிவு சொல்ல முடியாது. இரண்டு வழியிலும் அப்படி நேரலாம். இந்த எச்சரிக்கையை 2012இல் வோக்ட், டி சேரா இருவரும் தெளிவாக எழுதிய பிறகும், ஏறும் வரைகோட்டை மட்டும் காட்டித் தூண்டப்பட்ட பொருத்தம் என்று முடிக்கும் கட்டுரைகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

பாதையைவிட எனக்கு முக்கியமாகப் படுவது விலை. வடிவம் மாறுவதற்கு ஆற்றல் வேண்டும். ஆடிக்கொண்டிருந்த வளையம் ஒன்றை ஓரிடத்தில் நிறுத்தினால் என்ட்ரோபி குறைகிறது; அதற்கும் ஈடு கட்ட வேண்டும். இந்தச் செலவைத் தளப்பொருளும் நொதியும் ஒன்றையொன்று தொடும்போது கிடைக்கும் பிணைப்பு ஆற்றலிலிருந்துதான் எடுக்க முடியும். வில்லியம் ஜெங்க்ஸ் 1975இலேயே இதைச் சொன்னார்: நாம் அளக்கும் பிணைப்பு வலிமை, உண்மையான ஈர்ப்பில் செலவு போக மிஞ்சியது மட்டுமே. எனவே நெகிழ்வான நொதி தளப்பொருளைத் தளர்வாகப் பிடிப்பதுபோல் தெரியும். அது குறை அல்ல. தளப்பொருளை இறுகப் பிடித்து அப்படியே வைத்திருக்கும் நொதி வேலை செய்யாது. வினையின் உச்சநிலையை எட்ட அது ஏற வேண்டிய பள்ளம் அவ்வளவு ஆழமாகிவிடும்.

இயற்கை இந்த விலையை எப்படிப் பேரம் பேசுகிறது என்பதைக் குளிர்க்கடல் மீன்கள் காட்டுகின்றன. அண்டார்டிகக் கடலின் வெப்பநிலை பூச்சியத்துக்கும் சற்றுக் கீழே. அங்கே வாழும் நோட்டோதெனியாய்டு மீன்களின் தசையில் உள்ள லாக்டேட் டிஹைட்ரோஜினேஸை, வெதுவெதுப்பான கடல் மீன்களின் அதே நொதியோடு ஃபீல்ட்ஸும் ஜார்ஜ் சோமெரோவும் 1998இல் ஒப்பிட்டனர். பூச்சியம் பாகையில் அளந்தபோது, குளிர் மீனின் நொதி பல மடங்கு வேகமாக வேலை செய்தது. தளப்பொருளான பைருவேட்டைத் தொடும் அமினோ அமிலங்களில் ஒரு வேறுபாடும் இல்லை! மாற்றங்கள் வேறிடத்தில் இருந்தன: தளப்பொருள் வந்ததும் கிளர்வு மையத்தின் மேல் மூடும் வளையத்தோடு சேர்ந்து நகரும் சுருள்களில். அந்த இடங்கள் மட்டும் கொஞ்சம் தளர்ந்திருந்தன. அசைவதற்கான தடை குறைந்ததால் வேகம் கூடிற்று.

விலை என்ன? ஒரே வெப்பநிலையில் வைத்து ஒப்பிட்டால், குளிர் மீனின் நொதி பைருவேட்டைப் பலவீனமாகப் பிடிக்கிறது, பாதி வேகத்தை எட்டத் தேவையான அடர்வான கே.எம். மதிப்பு உயர்கிறது. தளர்ந்த நொதி பல வடிவங்களில் அலைகிறது. அவற்றில் பிணைக்கக்கூடியவை குறைவு. ஆனால் ஒவ்வொரு மீனின் சொந்த உடல் வெப்பநிலையில் அளந்தால், கே.எம். மதிப்புகள் ஏறக்குறைய ஒன்றாக வந்து நிற்கின்றன. பல கோடி ஆண்டுகளில் பரிணாமம் காப்பாற்றி வந்தது ஒரு குறிப்பிட்ட அமைப்பை அல்ல, வாழும் வெப்பத்தில் தேவைப்படும் அளவு நெகிழ்வை. சூடான ஊற்றுகளில் வாழும் நுண்ணுயிர்களின் நொதிகள் அறை வெப்பநிலையில் விறைத்துச் சோம்பிக் கிடப்பதும், அவற்றின் இயல்பான வெப்பத்தில் உயிர்பெறுவதும் இதே கணக்கின் மறுபக்கம்.

பிணைப்பைப் பற்றிப் பேசும்போது விடுவிப்பை மறந்துவிடுகிறோம். ஏ.டி.பி.யும், அதைவிட இரண்டு பாஸ்பேட் குறைந்த ஏ.எம்.பி.யும் சேர்ந்து, ஏ.டி.பி.யைவிட ஒரு பாஸ்பேட் குறைந்த இரண்டு மூலக்கூறுகளாக மாறும் வினையைச் செய்வது அடினைலேட் கைனேஸ். அதற்கு இரு தளப்பொருள்களையும் மூடும் இரண்டு பெரிய மூடிகள் இருக்கின்றன. டோரதி கெர்ன் குழுவினர் 2004இல் ஈ. கோலையின் நொதியையும், கொதிநீர் நுண்ணுயிரான அக்விஃபெக்ஸின் நொதியையும் ஒரே வெப்பநிலையில் ஒப்பிட்டபோது, மூடிகள் மூடும் வேகம் இரண்டிலும் ஒத்திருந்தது. திறக்கும் வேகம் மட்டும் அக்விஃபெக்ஸில் பல மடங்கு குறைவு. மொத்த வினை வேகமும் அதே விகிதத்தில் குறைந்தது. விளைபொருளை விடுவதுதான் முட்டுக்கட்டை என்பது அவர்கள் முடிவு.

2018இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் கிலாட் ஹாரன் குழு, தனி மூலக்கூறு ஒளிர்வு முறையில் அதே ஈ. கோலை நொதியை வேலை நடக்கும்போதே பார்த்தது. மூடிகள் மைக்ரோநொடிக் கணக்கில், வினையைவிடப் பன்மடங்கு வேகமாகத் திறந்து மூடின. ஒரு வினைக்கு ஒரு முறை மூடுகிறது என்ற எளிய படம் அங்கே பொருந்தவில்லை. பல முறை மூடித் திறந்து, இரு தளப்பொருள்களையும் சரியான நிலைக்கு ஒழுங்குபடுத்திய பிறகுதான் வினை நடக்கிறது என்று அவர்கள் வாதிட்டார்கள். இரண்டு குழுக்களின் முறைகளும் அசைவின் வேறு வேறு பகுதிகளைப் பார்த்திருக்கலாம். இந்தக் கேள்வி இன்னும் திறந்தே இருக்கிறது. முடிந்துவிட்டதாகச் சொல்லும் பாடநூலை நம்ப வேண்டாம்.

பிடித்து வைத்திருக்க வேண்டியதன் அவசியத்தை ட்ரையோஸ் பாஸ்பேட் ஐசோமரேஸ் சொல்கிறது. சர்க்கரைச் சிதைவின் நடுவே வரும் இந்த நொதியின் ஒரு வளையம், தளப்பொருளின் பாஸ்பேட்டைத் தொட்டதும் மேலே மூடிக்கொள்ளும். 1990இல் ஜெரமி நோல்ஸ் குழுவினர் அந்த வளையத்தில் நான்கு அமினோ அமிலங்களை நீக்கிப் பார்த்தனர். நொதியின் வேகம் சுமார் ஒரு லட்சம் மடங்கு விழுந்தது. அதோடு, நடுவழியில் உருவாகும் நிலையற்ற இடைப்பொருள் நொதியை விட்டுத் தப்பி, செல்லுக்கு நஞ்சான மெத்தில்கிளையாக்சாலாக உடைந்தது. வளையம் இருக்கும்போது அந்தக் கசிவு இல்லை.

ஹெக்சோகைனேஸ் குடும்பத்துக்கே திரும்புகிறேன். அதன் நான்காவது உறுப்பினர் நம் ஊரில் வீட்டுக்கு வீடு பேசப்படும் ஒரு நோயோடு தொடர்புடையவர். கணையத்தின் பீட்டா செல்களிலும் கல்லீரலிலும் இருக்கும் குளுக்கோகைனேஸ், இரத்தச் சர்க்கரை எவ்வளவு என்று அளந்து இன்சுலின் சுரப்பைத் தொடங்கிவைக்கும் உணரி. மற்ற ஹெக்சோகைனேஸ்கள் மிகக் குறைந்த குளுக்கோஸிலேயே நிறைந்துவிடும். இதுவோ சுமார் 8 மில்லிமோலாரில்தான் பாதி வேகத்தை எட்டுகிறது. அதன் வேக வரைகோடு எஸ் வடிவில் வளைகிறது. எஸ் வளைவு என்றால் பல அலகுகள் ஒன்றுக்கொன்று உதவுகின்றன என்று படித்திருப்போம். குளுக்கோகைனேஸ் ஒற்றைச் சங்கிலி. குளுக்கோஸுக்கு ஒரே ஒரு இடம். பிறகு எப்படி வளைவு வரும்?

விடை, நெகிழ்வின் மெதுவான வேகத்தில் இருக்கிறது. 2004இல் வெளியான அமைப்புகளின்படி, குளுக்கோஸ் இல்லாதபோது இதன் சிறிய மடல் ஹெக்சோகைனேஸில் காண்பதைவிட அகலமாகத் திறந்து கிடக்கிறது. அதன் பகுதிகள் ஒழுங்கற்று அலைகின்றன. குளுக்கோஸ் வந்த பிறகுதான் மடல் ஒழுங்குபெற்று மூடுகிறது. விளைபொருள் வெளியேறியதும் நொதி உடனே பழைய ஒழுங்கின்மைக்குப் போய்விடாது. சற்று நேரம் எடுக்கும். சர்க்கரை அதிகமாக இருந்தால், அதற்குள் அடுத்த குளுக்கோஸ் வந்துவிடும். நொதி வேகமான வடிவிலேயே தொடரும். சர்க்கரை குறைவாக இருந்தால், நொதி முழுக்கத் தளர்ந்து, ஒவ்வொரு முறையும் ஒழுங்குபெறும் விலையை மறுபடி கட்ட வேண்டியிருக்கும். சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் மாறும் சர்க்கரை அளவுக்குள் கூர்மையாகப் பதில் தரும் உணரி இப்படி உருவாகிறது. ஒரே ஒரு பிணைப்பு இடமும், நேரம் எடுக்கும் ஒரு அசைவும் இதற்குப் போதுமானதாக இருக்கின்றன.

இந்த மரபணுவின் ஒரு பிரதியில் நொதியைப் பலவீனப்படுத்தும் பிறழ்வு இருந்தால், பிறவியிலிருந்தே வெறும் வயிற்றுச் சர்க்கரை சற்று உயர்ந்தே நிற்கும். மோடி (MODY) எனப்படும் மரபுவழி நீரிழிவு வகைகளில் அது ஒன்று. மறுபுறம், நொதியை முடுக்கிவிடும் பிறழ்வுகள் சர்க்கரையை ஆபத்தாகத் தாழ்த்தும். அந்த முடுக்கும் பிறழ்வுகள் பல, குளுக்கோஸ் அமரும் இடத்திலிருந்து சுமார் 20 ஆங்ஸ்ட்ராம் தள்ளி, மடல்களை இணைக்கும் பகுதியில் கூடியிருக்கின்றன. அதே பகுதியில் அமர்ந்து மூடிய வடிவை நிலைநிறுத்தும் மருந்துகளைத் தேடும் முயற்சி நெடுநாள் நடந்தது. அவற்றில் டோர்ஸாக்லியாட்டின் 2022இல் சீனாவில் அனுமதி பெற்றது. தளப்பொருளின் இடத்தைத் தொடாமலே தளப்பொருளின் பிணைப்பை மாற்றும் மருந்து அது.

மருந்துத் துறையில் நெகிழ்வின் பாடத்தை உலகுக்குச் சொன்னது இமாட்டினிப். நாள்பட்ட மைலாய்டு இரத்தப் புற்றுநோயில் கட்டுக்கடங்காமல் இயங்கும் ஏபிஎல் கைனேஸ் என்ற நொதியை அது அடக்குகிறது. 2001இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதற்கு முந்தைய ஆண்டு ஜான் குரியன் குழு வெளியிட்ட அமைப்பு வியப்பைத் தந்தது. மருந்து பிணைந்திருந்தது கைனேஸின் செயல்படும் வடிவில் அல்ல. ஆஸ்பார்டேட், ஃபினைல்அலனின், கிளைசின் என்ற மூன்று அமினோ அமிலத் தொடர் வெளிப்புறமாகப் புரண்டுகிடக்கும் செயலற்ற வடிவில். ஏபிஎல்லுக்கு நெருங்கிய உறவான எஸ்ஆர்சி கைனேஸிலும் மருந்து அமரும் இடம் ஏறக்குறைய அதேதான். ஆனால் அங்கே இமாட்டினிப் ஆயிரக்கணக்கான மடங்கு பலவீனமாகப் பிணைகிறது.

எஸ்ஆர்சியால் அந்தப் புரண்ட வடிவை எட்ட முடியாது என்று முதலில் நினைத்தார்கள். அதுவும் எட்டுகிறது என்று பிறகு தெரிந்தது. 2014இல் கெர்ன் குழு வேகங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து அளந்தபோது, முக்கிய வேறுபாடு மருந்து அமர்ந்த பிறகு நடக்கும் இன்னொரு வடிவ மாற்றத்தில் இருந்தது. ஏபிஎல்லில் அந்த மாற்றம் மருந்தை இறுகப் பூட்டுகிறது. எஸ்ஆர்சியில் சமநிலை அவ்வளவு சாயவில்லை. உருவத் தேர்வு, பிறகு தூண்டப்பட்ட பொருத்தம்: ஒரே பிணைப்பில் இரண்டும் அடுத்தடுத்து வருகின்றன. இதே மருந்தின் படிக வடிவத்துக்கான காப்புரிமை விண்ணப்பத்தைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006இல் நிராகரித்ததும், வழக்கு 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தில் முடிந்ததும், அதனால் நம் நோயாளிகளுக்குக் குறைந்த விலை மாத்திரை தொடர்ந்து கிடைத்ததும் இங்கே நினைவுகூரத் தக்கவை.

சில நொதிகளுக்குத் தேர்வு குறைவாக இருப்பதே தொழில். கல்லீரலின் சைட்டோகுரோம் பி450 3ஏ4, நாம் விழுங்கும் மருந்துகளில் பெரும் பங்கைக் கையாள்கிறது. கீட்டோகோனசோல் பிணைந்தபோது அதன் கிளர்வு மையத்தின் கொள்ளளவு 80 விழுக்காட்டுக்கு மேல் விரிந்ததை 2006இல் ஒரு படிக அமைப்பு காட்டியது. ஒரு மருந்து இன்னொன்றின் அளவை உடலில் ஏற்றிவிடுவதற்கு இந்தத் தாராளமும் ஒரு காரணம்.

எல்லை எங்கே என்பதையும் சொல்லியாக வேண்டும். நொதியின் அசைவுகள் பிணைப்பையும் விடுவிப்பையும் ஆள்கின்றன என்பதில் இன்று பெரிய கருத்து வேறுபாடு இல்லை. அதே அசைவுகள் பிணைப்புகள் உடைந்து உருவாகும் வேதியியல் படியையும் உந்துகின்றனவா என்பதில்தான் சர்ச்சை. 2013இல் கார்ப்ளஸோடு நோபல் பரிசைப் பகிர்ந்த ஆரியே வார்ஷெல், அதைக் கடுமையாக மறுத்து வந்திருக்கிறார். கிளர்வு மையத்தின் மின்புலம் முன்கூட்டியே ஒழுங்குபட்டிருப்பதே வேகத்துக்குக் காரணம் என்பது அவர் வாதம். வேதியியல் படியைப் பொறுத்தவரை அவர் பக்கம் வலுவானது என்றே கருதுகிறேன். நெகிழ்வு நொதியை அந்த ஒழுங்குக்குக் கொண்டுசேர்க்கிறது. சேர்ந்த பிறகு மையத்துக்குத் தேவை உறுதி. நெகிழ்வு அதிகமானால் நல்லது என்ற எளிய முடிவுக்கு யாரும் போய்விடக் கூடாது. எவ்வளவு நெகிழ்வு என்பதைவிட எங்கே, எந்த வேகத்தில் என்பதே கணக்கு.

நம் கையில் உள்ள தரவுகளின் சாய்வும் கவனிக்கத்தக்கது. எக்ஸ் கதிர்ப் படிக அமைப்புகளில் பெரும்பாலானவை ஏறக்குறைய 100 கெல்வினுக்குக் குளிர்விக்கப்பட்டு எடுக்கப்பட்டவை. ஜேம்ஸ் ஃபிரேசர் முதலியோர் 2009இல் சைக்ளோஃபிலின் என்ற நொதியின் அமைப்பை அறை வெப்பநிலையில் எடுத்துப் பார்த்தபோது, குளிரில் மறைந்திருந்த மாற்று வடிவங்கள் வெளிப்பட்டன. வினைக்கு முக்கியமானவையும் அவைதான். உருவாக்கியவர்களுக்கு 2024இல் நோபல் பரிசு பெற்றுத்தந்த ஆல்ஃபாஃபோல்டு கணிப்பு முறையும் வழக்கமாக ஒரு வரிசைக்கு ஒரு வடிவத்தையே முன்வைக்கிறது. பல வடிவங்களை அதிலிருந்து வரவழைக்கும் முயற்சிகள் தொடங்கியிருக்கின்றன. அந்த வடிவங்களுக்கிடையே நொதி எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதை அவை சொல்வதில்லை.

தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் மூலிகைச் சேர்மங்களைக் கணினியில் நோய்ப் புரதங்களோடு பொருத்திப் பார்க்கும் டாக்கிங் ஆய்வுகள் ஏராளமாக நடக்கின்றன. அவற்றில் ஈடுபடும் மாணவர்களிடமும் வழிகாட்டிகளிடமும் ஒரு வேண்டுகோள். தரவகத்திலிருந்து இறக்கிய ஒற்றை அமைப்பை விறைப்பாக வைத்துக்கொண்டு கிடைக்கும் மதிப்பெண்ணைப் பிணைப்பு வலிமை என்று எழுதிவிடாதீர்கள். அந்த அமைப்பு எந்த மூலக்கூறோடு, எந்த வெப்பநிலையில் எடுக்கப்பட்டது என்று முதலில் பாருங்கள். திறந்த வடிவம், மூடிய வடிவம் இரண்டும் கிடைத்தால் இரண்டிலும் பொருத்துங்கள். வளையங்களை அசையவிட்டு ஒரு முறையாவது மூலக்கூறு இயக்கக் கணக்கீடு செய்யுங்கள். முடிந்தால் அந்த நொதியை வாங்கி, சேர்மம் எவ்வளவு வேகமாகப் பிணைகிறது, எவ்வளவு நேரம் கழித்து விடுபடுகிறது என்று ஆய்வகத்தில் அளந்த பிறகே முடிவை எழுதுங்கள்.